கறுத்துப்போன கறி

காலை எட்டு மணி.

ஆட்டுப் பண்ணையின் கறி ஆய்வுக்கூடத்தில் போன் அலறியது.

எடுத்தவள் மீட்டரம்மா. கறியின் தரத்தை அளப்பது அவள் வேலை. கையில் எந்நேரமும் கறியின் அமிலத்தன்மையைக் காட்டும் pH மீட்டர் இருப்பதால் பண்ணையில் அந்தப் பெயர்.

"அம்மா... தீவன அறைக்குக் கொஞ்சம் வாங்க." காவலாளியின் குரல். "டாக்டரய்யா ஏணியிலேர்ந்து விழுந்து கிடக்கறாரு."

டாக்டரய்யா... தீவன ஆராய்ச்சியாளர். அவளுடைய கணவர்!

போனாள். பார்த்தாள்.

கலவை எந்திரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. தலைக்கு மேலே ஏணி.

அவள் அழவில்லை. அவர் காலரில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டாள். மறுபடி தட்டினாள். அங்கே தவிடு தீர்ந்துபோயிருந்தது. இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார்.

"ராத்திரி வீட்டுக்கு வரலையா?"

"ஆடு வெட்டறதுக்கு முந்தின நாள் இங்கயேதான் தங்குவார்."

"ஏணி சறுக்கியிருக்கும்மா. விபத்துதான்."

"சரி சார்."

பத்து மணிக்கு அவள் அண்ணன் ஓடி வந்தான்.

ஈஸ்ட் பவுடர் தயாரிப்பவன். குட்டிகளின் தீவனத்தில் கலக்கும் பவுடர். அதைத்தான் அவள் கணவர் மூன்று மாதமாகச் சோதித்துக்கொண்டிருந்தார். முதல் பட்டிக்கு வெறும் தீவனம். இரண்டாம் பட்டிக்கு ஈஸ்ட் கலந்தது. குட்டி வேகமாக வளர்கிறதா... கறி மிருதுவாகிறதா?

"நேத்து பூரா வெளியூர்ல இருந்தேம்மா. இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கறேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் கை மரக்கட்டையாக இருந்தது.

ஆஸ்பத்திரி, சடங்கு, சொந்தபந்தம்... எல்லாவற்றையும் அண்ணனே ஓடியாடிப் பார்த்தான்.

மறுநாள் காலை.

விபத்து என்ற அறிக்கையில் கையெழுத்து வாங்க ஆய்வுக்கூடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் திகைத்தார்.

"இன்னைக்குமா வேலைக்கு வந்தீங்க?"

"நேத்து விடியக்காலையில வெட்டின ஆடு சார். ஒரு நாள் கழிச்சு அளக்கணும். அவர் செத்தது அதுக்குத் தெரியாது."

மீட்டர் முனையைக் கறியில் செருகினாள்.

முதல் பட்டி ஆடுகள்... நல்ல சிவப்பு. ஐந்து புள்ளி ஆறு. இருக்கவேண்டிய அளவு.

இரண்டாம் பட்டி ஆடுகள்... கறுப்பு! தொட்டால் பிசுபிசுத்தது. ஆறு புள்ளி மூன்று.

மீட்டரை மாற்றினாள். அதே ஆறு புள்ளி மூன்று.

நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் இன்ஸ்பெக்டரிடம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

அவர் கையெழுத்துக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"யாரை முதல்ல கூப்பிடலாம்?"

"எங்கண்ணனை."

அரை மணியில் வந்தான். மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு வணக்கம் வைத்தான்.

அவள் வெள்ளைத் தட்டில் இரண்டு துண்டுகளை வைத்தாள்.

"இது வெறும் தீவனம் தின்னது. இது உன் பவுடர் தின்னது."

"ஏம்மா இப்படிக் கறுத்திருக்கு?"

"ஈஸ்ட்தான். கறியைக் கெடுக்குதுன்னு எழுதப்போறேன். சாயங்காலம் அறிக்கை போயிடும்."

அவன் தட்டைத் தள்ளிவிட்டான்.

"பதினோரு வருஷ உழைப்பும்மா அது. என் பவுடர் அப்படிச் செய்யாது."

"மீட்டர் சொல்லுதே."

"வெட்டறதுக்கு முன்னாடி ஆடு மிரண்டா கறி கறுக்கும். உனக்குத் தெரியாததா? முந்தாநாள் சாயங்காலம் அந்தப் பட்டியில அதுங்க முட்டி மோதி ஓடின ஓட்டத்துக்கு..."

நிறுத்தினான்.



இன்ஸ்பெக்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"முந்தாநாள் நீங்க வெளியூர்ல இல்ல இருந்தீங்க?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

"ரெண்டாம் பட்டி மட்டும், அதுவும் அவர் செத்த அன்னைக்கே மிரண்டிருக்குன்னு கறியைப் பார்த்ததுமே தெரிஞ்சுதுண்ணா. அப்போ அவர் சாவு பட்டியில நடந்திருக்கு, ஏணியில இல்ல. யாருன்னுதான் தெரியல. ஆடு மிரண்டது யாருக்குத் தெரியும்னு கண்டுபிடிக்க, எல்லார்கிட்டயும் ஈஸ்ட்தான்னு சொல்லிப் பார்க்கறதா இருந்தோம்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நீ இல்லன்னு உறுதி பண்ணிக்கத்தான் உன்னை முதல்ல கூப்பிட்டேன்."

அவன் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான்.

"போன தடவை வெட்டின ஆடுகளை வெச்சு, குட்டி எடை போடுது, ஆனா கறியில ஒரு வித்தியாசமும் இல்லன்னு மாப்பிள்ளை எழுதி வெச்சிருந்தார். ஒரே ஒரு வரியை மாத்தச் சொன்னேன். மாட்டேன்னார். பிடிச்சுத் தள்ளிட்டேன்... பட்டியில இருந்த தண்ணித் தொட்டி விளிம்புல மண்டை மோதிடுச்சு. ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பார்த்து, தூக்கிட்டுப் போய் ஏணிக்குக் கீழே போட்டேன்."

"உடனே போயிட்டாரா?"

அண்ணன் தலை குனிந்தான்.

"இல்லம்மா."

"ஏதாவது சொன்னாரா?"

"ஆட்டுங்களைப் பிடி... வெளிய ஓடிடப்போகுதுன்னார்."

அவள் தலையசைத்தாள். இன்னொரு துண்டை எடுத்து மீட்டரைச் செருகினாள். எண்ணைப் பார்த்தாள். எழுதவில்லை.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டி எழுப்பினார்.

"நடங்க சார். எங்ககிட்டயும் கம்பி போட்ட ஒரு பட்டி இருக்கு... என்ன, தீவனத்துல ஈஸ்ட் கலக்கறதில்ல. உடம்பு தேற கொஞ்சம் வருஷமாகும்."