கெங்கின் நாற்காலி

தேநீர் என்பது பானம் அன்று, பிரபஞ்சம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் மௌனம் என்று அறிவித்தபடி யூர்கன் தேநீர்க்கடைக்குள் நுழைந்தார். உள்ளே சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த ஓயாங் காறித் துப்பினார்.

செங்டூவில் மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். கடையில் வேறு ஆளில்லை. ஓயாங்குக்கு எதிரே காய் நகர்த்திக்கொண்டிருந்த கடைக்காரி லுவோ எழுந்து வந்தாள். வந்தவர் ஜெர்மனிக்காரர். தேநீரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். கணுக்கால் வரை பட்டு அங்கி. அந்த ஊரில் அப்படி உடுத்துகிறவர்கள் பெரிய ஓட்டல்களில் கதவு திறந்துவிடுகிறவர்கள் மட்டும்தான்.

இருக்கிற நாற்காலியை எல்லாம் விட்டுவிட்டு, மூலையில் கூடை ஏற்றி வைத்திருந்த மூங்கில் நாற்காலிதான் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"அது வேணாங்க ஐயா. கால் ஆடும்" என்றாள் லுவோ.

"உள்ளம் ஆடாதவனுக்கு நாற்காலி ஆடாது, அம்மணி." பாடப்புத்தகத்தில் சீனம் கற்றவர். கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஓயாங் தலையைத் தூக்கவில்லை. அந்த நாற்காலியின் கதை அவருக்குத் தெரியும். காது சுத்தம் செய்கிற கெங், ஆட்களை உட்காரவைத்துக் காது பார்த்த இடம் அது. இரும்புக் கவையைத் தட்டி, ணங்கென்று அதிரவிட்டபடி, காது துடைக்கிற இறகுகளோடு மேசை மேசையாக வருவான். ஒரு நாள் ஒருவர் காதுக்குள் எஃகுக் கம்பியை அவன் விட்டிருந்த நேரம், ஆட்டம் ஜெயித்த ஓயாங் பலகையில் ஓங்கி அடித்துக் கத்தினார். காதைக் காட்டிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவருக்குக் காது போயிற்று. கெங்குக்குத் தொழில் போயிற்று, அந்தக் குளிர்காலத்திலேயே உயிரும் போயிற்று. ஓயாங்குக்கு எதுவும் போகவில்லை. கத்துகிற பழக்கம்கூட.

லுவோ மூடி போட்ட கிண்ணத்தில் மல்லிகைத் தேநீரைத் தட்டோடு வைத்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினாள். யூர்கன் கண்ணை மூடிக்கொண்டு பிரபஞ்சத்துக்காகக் காத்திருந்தார். வெளிச்சம் மங்கியது. கூரையில் மழை. எங்கிருந்தோ ஈர இறகின் வாடை வந்தது.

ணங்.

கெட்டில் மேல் சொட்டு விழுந்திருக்கும் என்று லுவோ நினைத்தாள்.

ணங்.

யூர்கனின் தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்க்கப்பட்டது.

பக்கத்தில் யாரும் இல்லை.

அவருடைய காது மடல் தானாக மேலே இழுபட்டு நின்றது. இரண்டு விரல் பிடித்த இடம் வெளுத்திருந்தது.

லுவோ திரும்பிப் பார்த்தாள். ஓயாங்கின் கை பலகைக்கு மேலே ஓங்கியிருந்தது. கையில் பீரங்கிக் காய். அடுத்த அடியில் ஜெயம். வாய் பாதி திறந்திருந்தது.

"அண்ணே, கத்திடாதீங்க" என்று மூச்சளவில் சொன்னாள். "அந்த மனுஷன் காது போயிடும்."

"நான் எங்க கத்தினேன்?"

"கத்தப் போறீங்க."

ஓயாங்கும் பார்த்தார். ஓங்கிய கை இறங்க மறுத்தது. யூர்கனின் முகத்தில் இருந்த ஞானப் புன்னகை அணைந்தது. பட்டுச் செருப்புக்குள் கால்விரல்கள் சுருண்டன. காதுக்குள் ஏதோ ஒன்று போக வேண்டிய ஆழத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அசைந்தால் தீர்ந்தது என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

லுவோ செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். நாற்காலியை நெருங்கியபோது கன்னத்தில் இறகு ஒன்று உரசியது. பார்க்கவில்லை. கிண்ணத்தின் மூடியை எடுத்துத் தலைகீழாகப் போட்டாள்.

அந்த ஊர்த் தேநீர்க்கடைகளில் மூடி கவிழ்ந்தால் ஆள் முடித்துவிட்டார், கிளம்பப்போகிறார், இனி வெந்நீர் ஊற்றுகிறவனும் அண்டக்கூடாது, காதுக்காரனும் அண்டக்கூடாது. கெங்கைப் பற்றி எந்தக் குறை சொன்னவர்களும், அந்த மரியாதையில் அவனைக் குறை சொன்னதில்லை.

காது மடல் விடுபட்டது.

யூர்கன் கண் திறந்தார். இன்று மௌனம் தன்னைத் தீண்டியதாகச் சொன்னார். மௌனம் காதிலிருந்து தோண்டி எடுத்தது தட்டின் ஓரத்தில் கடலைப்பருப்பு அளவுக்குக் கிடந்தது. அதைக் கவனிக்காமல், காலரில் ஒரு சொட்டு ரத்தத்தோடு, நிமிர்ந்த நடையில் மழைக்குள் இறங்கிப் போனார்.

லுவோ கதவைச் சாத்தினாள். ஓயாங் பெருமூச்சு விட்டு, காயைச் சத்தமில்லாமல் வைத்தார்.

ணங்.

இந்த முறை அவர் முதுகுக்குப் பின்னால்.

அவருடைய தலை சாய்ந்தது. காது மடல் மேலே போனது.

"லுவோ" என்றார், உதடு அசையாமல். "மூடிம்மா. என் மூடியக் கவுத்துடு."

லுவோ மேசையைப் பார்த்தாள். சதுரங்கப் பலகை இருந்தது. கிண்ணம் இல்லை. வருடக்கணக்காகத் தினமும் அங்கே வந்து உட்காரும் ஓயாங் ஒரு நாளும் தேநீர் வாங்கியதில்லை.