தறிக்குழிக்குள் ஒரு குடம் தண்ணீர்

தறிக்குழிக்குள் வைத்திருந்த குடத்துத் தண்ணீர் மறுபடியும் குறைந்திருந்தது. நேற்று கமலவேணியே கழுத்து வரை நிரப்பி, தட்டு மூடி, தட்டின் மேல் அம்மிக் குழவியையும் தூக்கி வைத்திருந்தாள். குழவி வைத்தது வைத்தபடி இருந்தது. பக்கத்தில் பொரி மூட்டை தொளதொளத்துக் கிடந்தது. எலி என்று சொல்லலாம்தான். ஆனால் முடிச்சை அவிழ்த்துத் தின்றுவிட்டுத் திரும்ப முடிச்சுப் போட்டு வைக்கிற எலி காஞ்சிபுரத்தில் இன்னும் பிறக்கவில்லை. அதுவும் இந்த வீட்டு முடிச்சு இல்லை. அறுந்த பட்டிழையைப் பிணைக்கிற சின்ன முடிச்சுதான் இங்கே எதற்கும் போடுவார்கள். கை அப்படிப் பழகிவிட்டது. இது பெருவிரல் இல்லாத கை போட்டது மாதிரி, முரட்டு முடிச்சு.

எல்லாம் புரட்டாசியில் பூமி ஆடியதிலிருந்து வந்த வினை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஓடுகூட விழவில்லை. பாத்திரங்கள் சலசலத்தன, அவ்வளவுதான். ஆனால் தை மாதத்தில் குஜராத் பூகம்ப இடிபாடுகளை டிவியில் கண்கொட்டாமல் பார்த்திருந்த அவள் கணவன் தேவேந்திரனுக்கு அன்றே புத்தி பேதலித்துவிட்டது. பூமி ஆடினால் கனமான மேசைக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்ததாம். "நம்ம வூட்ல மேசைக்கு எங்க போறது? தறிதான்," என்றான். நெய்கிறவன் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காகத் தறிக்கடியில் இருந்த குழியை ஆளுயரத்துக்குத் தோண்டினான். தண்ணீர், பொரி, வெல்லம், மெழுகுவத்தி, டார்ச், கட்டுத்துணி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ரேஷன் கார்டு எல்லாம் உள்ளே இறங்கின. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கலைவாணியின் கழுத்தில் ஒரு சிவப்பு விசிலை மாட்டினான்.

"மண்ணுக்குள்ள மாட்டிக்கினா மூணு தபா ஊதும்மா. அப்பா வந்து தூக்கிடுவேன்."

பக்கத்து வீட்டு எல்லம்மாள் சிரித்தாள். "ஏகாம்பரநாதரே மண்ணுதாம்பா. இந்த ஊர்ல மண்ணு நம்மள ஒண்ணும் பண்ணாது."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பட்டு இழை ஒத்துழைக்காமல் தறி ஓய்ந்தது. வடித்த கஞ்சியின் வாசனையும், ஊறிப்போன சுவரின் வாசனையும், குழியிலிருந்து எழும் புது மண்ணின் புளித்த நெடியும் கலந்து தொண்டையில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், ஓட்டின் மேல் மழை சற்றே தணிந்த நேரத்தில், கமலவேணி விசில் சத்தத்தைக் கேட்டாள். மூன்று தடவை. வாயில் மண்ணை வைத்துக்கொண்டு ஊதினாற்போல்.

"வாணி, வெளையாடாத," என்று திரும்பினாள். வாணி அவள் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். விசில் அவள் மார்பில் சும்மா கிடந்தது.

தேவேந்திரனுக்கும் கேட்டிருந்தது. அவன் பயப்படவில்லை, அழுதான். "ஆளுங்க இருக்காங்க கமலா. உசுரோட இருக்காங்க. தண்ணி குடிக்கிறாங்க பாரு." அதன் பிறகு அவன் தோண்டுவதை நிறுத்தவே இல்லை. குழியை மூடச் சொன்னதற்கு அவள் கன்னத்தில் அறைந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கை நீட்டாத மனுஷன். அன்றே குழந்தையைக் கூட்டிக்கொண்டு வாலாஜாபாத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மழை விடட்டும் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் போயிருந்தது. வாசற்படி தாண்டியதுமே காலில் ஏதோ சுற்றிக்கொண்டது. பட்டு. பாதி நெய்த கல்யாணப் புடவை, அரக்குச் சிவப்பு, தறியிலிருந்து குறுக்கே வெட்டித் தரையில் கிடந்தது. நெசவு தெரிந்தவன் செய்கிற காரியமா இது? பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்த கயிறு தேவேந்திரன் கையில் இருந்தது. குழியோரம் குந்தி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தான்.

"வாணி எங்க?"

"அடியில ஒரு பொந்து தொறந்துக்கிச்சு. என் தோளு நுழையல. கொழந்த போயி ஒரு கை குடுத்தா ஏறி வந்துடுவாங்க, பாவம்."

ஐயோ! கமலவேணி கயிற்றைப் பிடுங்கப் பாய்ந்தாள். முழங்கையால் வாயில் இடித்தான். பல் உடைந்தது. உப்புக் கரித்தது.

கீழே விசில். மூன்று தடவை. வேகமாக.

பிறகு வாணியின் அலறல்.

கடப்பாரை சுவரோரம் இருந்தது. தூக்கினாள். ஓங்கி அடித்தாள். சூறைத்தேங்காய் உடைகிற சத்தம். இன்னொரு அடி. அவன் பட்டின் மேல் குப்புற விழுந்தான். அந்தச் சிவப்பில் ரத்தம் தெரியவே இல்லை.

கயிறு வழுக்கி ஓடியது. பிடித்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. இழுத்தாள். கனத்தது. இழுத்தாள்.

கை. தலை. மண் அப்பிய பாவாடை.

"என் தங்கமே, வந்துட்டியா!"

அள்ளி அணைத்தாள். உடம்பு சில்லென்றிருந்தது. குழந்தை அழவில்லை. மடியிலிருந்து இறங்கி, அடுப்பங்கரையில் நிறைந்திருந்த குடத்தை அப்படியே தூக்கி வாயில் வைத்துக்கொண்டது. மூச்சு விடாமல் குடித்தது. குடம் காலியாகிற வரைக்கும்.

கமலவேணி அதன் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள். விரல்கள் நின்றன.

முரட்டு முடிச்சு.

கழுத்தில் விசில் இல்லை.

மண்ணுக்கு அடியில் விசில் ஊதியது. மூன்று தடவை. "அம்மா... அப்பா வரலம்மா... இருட்டா இருக்குதும்மா..."

கமலவேணி குழியை நோக்கித் தாவினாள். சின்னக் கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. எலும்பு நொறுங்கியது.

"ஊதட்டும்மா," என்றது வாணியின் குரல், அவள் காதோரம். "நாங்களும் ரொம்ப நாள் ஊதினோம்."

ஒரு கையால் அவளைப் பிடித்தபடியே, குழந்தை மறு கையால் மண்ணைக் குழிக்குள் தள்ளத் தொடங்கியது. முதல் மண் விழுந்ததும் விசில் நின்றது. பிறகு மறுபடி ஊதியது.