யாரோ ஊதிப் பார்த்த குருவிகள்

வலையிலிருந்து எடுத்த குருவியின் நெஞ்சில் மென்சிறகுகள் வகிடெடுத்ததுபோல் இரண்டாகப் பிரிந்திருந்தன. வெர்னா இன்னும் ஊதவே இல்லை.

ஆராய்ச்சிக்காகக் குருவியின் காலில் வளையம் மாட்டுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். நெஞ்சின்மேல் லேசாக ஊதினால் சிறகு விலகும், தோலுக்கடியில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். இந்தத் தீவிலிருந்து கிளம்பிக் கடலைத் தாண்டித் தென்னமெரிக்கா போகிற கதிர்க்குருவிக்கு அந்தக் கொழுப்புதான் கட்டுச்சோறு. ஆனால் அது குடிசைக்குள், மேசையில் வைத்துச் செய்கிற வேலை. வலையடியில் நின்று யாரும் ஊதிக்கொண்டிருப்பதில்லை.

மர்டாக்காகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்தாள். வலைப்பக்கமே வராதே என்று கட்டிய புருஷனிடம் எத்தனை தடவைதான் சொல்வது! போன இலையுதிர் காலத்தில் கடைசி வலையைச் சுருட்டாமல் சாப்பிடப் போனவன் அவன். மறுநாள் காலையில் அதில் தொங்கியது அத்தனையும் பிணம். இனி வலையில் ஒரு குருவி செத்தாலும் உரிமத்தைப் பிடுங்கிவிடுவோம் என்று அதிகாரிகள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்கள். இருபது வருஷமாக இருவரும் கையால் கட்டிய நிலையம். அதனால் இந்த வருஷம் எல்லா வலையையும் அவளேதான் பார்க்கிறாள். இதுவரை ஒன்றுகூடச் சாகவில்லை.

குருவியை ஊதினது நீயா என்று வாக்கி-டாக்கியில் கேட்டாள். குடிசையைவிட்டு நகரவே இல்லை, டீ போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றான். நம்பாமல் அதை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

விடிந்து வெகுநேரமாகியும் மூடுபனி கலையவில்லை. ஸ்ப்ரூஸ் மரங்களின் அடிப்பாதி மட்டும் கறுப்பாகத் தெரிந்தது, மேல்பாதி இருக்கிறதா என்றே சந்தேகம். கரையில் ஒதுங்கி அழுகிய கடற்பாசியின் நாற்றமும் ஈர ஊசியிலைகளின் வாசனையும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, தூரத்தில் கலங்கரை விளக்கத்தின் சங்கு அலறி ஓய, அது ஓய்ந்த ஒவ்வொரு இடைவெளியிலும் தலைக்கு மேலே எங்கேயோ சூடான கஞ்சியை ஆற்றுகிறமாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது. காற்று என்று நினைத்தாள். ஒரு இலைகூட அசையவில்லை.

அடுத்த வலையில் மூன்று. வலையில் பைமாதிரித் தொங்குகிற மடிப்பில் விழுந்த குருவி காலையும் தலையையும் சிக்கிக்கொண்டு கத்தும், விரலைக் கொத்தும். இவை மூன்றும் மல்லாக்கக் கிடந்தன. ஒரு நூல்கூடச் சுற்றியிருக்கவில்லை. கண்கள் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றின் நெஞ்சிலும் அதே வகிடு, தொட்டால் வெதுவெதுவென்று ஈரம். அவற்றைத் தனித்தனித் துணிப்பையில் போட்டுக்கொண்டு குடிசைக்கு நடந்தாள்.

மர்டாக் உண்மையிலேயே அடுப்படியில்தான் இருந்தான். சட்டைப் பொத்தான்கள் தெறிக்கும் தொப்பையோடு ஓட்ஸ் ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"குருவிய ஏன் நோண்டுற?" என்றாள்.

"எனக்கு இருக்கிற மூச்சுக்குப் படி ஏறினாலே இளைக்குது. இதுல நான் போய்க் குருவிக்கு ஊதுறேனாக்கும்."

"போன வருஷமும் இப்படித்தான் இளிச்ச."

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அவள் குருவிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டாள். எல்லாமே எலும்பும் தோலும். காலையிலிருந்து பிடித்ததில் கொழுத்த குருவி ஒன்றுகூட இல்லை. கிளம்புகிற காலத்தில் பாதியாவது உருண்டு திரண்டு இருக்கவேண்டுமே! யாரோ முன்னாடியே வந்து நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு, வேண்டாததை அவளுக்கு விட்டுவைத்த மாதிரி இருந்தது. ஆத்திரத்தில் வளையம் மாட்டும் இடுக்கி கை நழுவி விழுந்தது.

"கடைசி வலைய நான் போய்ச் சுருட்டிட்டு வரேன்," என்றான் மர்டாக். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னை நம்பேன்."

அவளுக்கு அலுத்துவிட்டது. "போ. போய்த் தொலை."

கடைசிக் குருவியைச் சன்னல் வழியாக விட்டாள். அது பறந்து போகவில்லை. சன்னலுக்குக் கீழே புல்லில் பதுங்கி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. டீ ஆறிப்போனது. வாக்கி-டாக்கியைப் பையிலிருந்து எடுத்து முடுக்கி மர்டாக்கைக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். அந்தப் பக்கம் பொத்தான் அழுந்தியது. பேச்சு வரவில்லை. மூச்சு வந்தது. நீளமான ஒரே மூச்சு.

பாழாய்ப்போனவன் விளையாடுகிறான். அப்படித்தான் இருக்கவேண்டும். அப்படித் திட்டிக்கொண்டேதான் ஓடினாள்.

குளத்தைத் தாண்டினாள். பனி இன்னும் கீழே இறங்கியிருந்தது. சங்கு நின்றுபோயிருந்தது. கடலும் கேட்கவில்லை. கடைசி வலையின் கம்பங்கள் இரண்டும் உள்பக்கமாக வளைந்திருந்தன.

முதலில் பூட்ஸ் தெரிந்தது. அவள் தோளுயரத்தில்.

மர்டாக் மேல்மடிப்பில் மல்லாக்கக் கிடந்தான். ஒரு புறா முட்டினாலே அறுகிற நூல் அது. அவன் கைகள் இரண்டும் பக்கத்துக்கொன்றாகத் தொங்கின. கோட்டும் கம்பளிச் சட்டையும் உள்சட்டையும் நடுவே விலகியிருந்தன. ஒரு பொத்தானும் அறுந்திருக்கவில்லை. நெஞ்சின் நரைமயிர் வகிடெடுத்துப் பிரிந்திருந்தது. தொப்பை ஏறி இறங்கியது.

"மர்டாக்."

"கத்தாத," என்றான், உதடு அசையாமல்.

வலையில் எது விழுந்தாலும் அவர்கள் முதலில் பார்ப்பது ஒன்றுதான். அதையே கேட்டாள். "எந்தப் பக்கமா உள்ள விழுந்த?"

"மேலருந்து."

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும். "ஒரு வேலை. ஒரே ஒரு வேலை சொன்னா..." என் வலையில் எதுவும் சாகாது. எதுவும். கால்தான் முதலில். பூட்ஸை விடுவித்தாள். முழங்கால். இடுப்பு. விரல்கள் பழக்கத்தில் ஓடின. மேல்மடிப்புக்கென்று போட்டுவைத்த மரப்பெட்டியில் ஏறினாள். வலது கை. இடது கை. இனிக் கழுத்து மட்டும்தான்.

நூலுக்கடியில் விரலை நுழைத்தாள்.

அங்கே ஏற்கெனவே இரண்டு விரல்கள் இருந்தன.

அவன் விரல்கள் அல்ல. கழுத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஈரமாக. நீளமாக. இறுக்காமல், நழுவவிடாமல். குருவியைப் பிடிக்கவேண்டிய பிடி. அவளைவிட நன்றாகவே பிடித்திருந்தன.

ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் குருவி மாறும்போது, வாங்குகிறவரின் விரல்கள் கழுத்தில் சரியாக அமைந்தது தெரிந்ததும் கொடுக்கிறவர் உடனே விட்டுவிடவேண்டும். இருவரும் இழுத்தால் குருவி செத்துவிடும். இருபது வருஷத்தில் எத்தனை ஆயிரம் முறை. யோசித்துச் செய்கிற காரியமே இல்லை, கைக்குத் தானாகத் தெரியும்.

அந்த விரல்கள் பொறுமையாகக் காத்திருந்தன.

அவள் கை விரிந்தது.

வேண்டாம் என்று மனசு கத்தியபோது வலை லேசாகி மேலே துள்ளிக்கொண்டிருந்தது. காலி வலை. கம்பங்கள் நிமிர்ந்தன. அவள் பெட்டியின்மேல், விரித்த கையை மேலே நீட்டியபடி நின்றாள். எட்டவில்லை. பனிக்குள், மரங்களுக்கும் மேலே, யாரோ ஊதினார்கள். கொஞ்சம் நிறுத்தினார்கள். சரியாகத் தெரியவில்லையோ என்னவோ, மறுபடியும், நிதானமாக, ஊதிப் பார்த்தார்கள்.