மெத்தைக்காரனின் மின்னஞ்சல்கள்

காலை 11.10. எல்கானா பெர்லோ தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். கால்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது: "அன்புள்ள எல்கானா, இனி நிம்மதியாகத் தூங்குங்கள்! நிஸ்ஸிம் மெத்தைகள்."

கேட்காமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் மீது வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்குவதே பெர்லோவின் பிழைப்பு. ஹைஃபா நீதிமன்றத்துப் பூனைகூட அவரைக் கண்டால் எழுந்து நிற்கும். நாளை மெத்தைக்காரன் மீதான வழக்கு. ஆதாரம் இருந்த மடிக்கணினியைக் காணோம்.

பிணத்தை முதலில் கண்டவன் பெயின்டர் வஹீப். கான்ஸ்டபிள் ஷிம்ரி வந்ததும் அவனுக்கே விலங்கு மாட்டிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் மஸால் வாசலிலேயே நின்றாள். மாடிப்படியில் கும்மிருட்டு. நிலைக்காலின் காயாத வெள்ளைப் பெயின்டில், தோள் உயரத்தில், இரண்டு விரல் தடம்.

"இவன் விரல்தான் மேடம். வேற யாரு இருந்தா இங்க?" என்றான் ஷிம்ரி.

"நிலைக்குப் பெயின்ட் அடிச்சுட்டு, காயட்டும்னு கதவைத் திறந்து போட்டுட்டு, காபி குடிக்க இறங்கினேன்." வஹீப் விலங்கு மாட்டிய கைகளைத் தூக்கிக் காட்டினான். "எனக்கு மூணு பொண்ணுங்க மேடம்."

"இங்க இருந்த மெசூசா?" என்றாள் மஸால். யூத வீட்டு நிலைக்காலில் பதிக்கும், வேத வரிகள் அடங்கிய சின்னப் பேழை அது.

"கழட்டி மேஜைமேல வெச்சேன். வீட்டுக்காரர்தான் சொன்னார்."

12.00. மெத்தைக்காரன் நிஸ்ஸிம் பொகோப்ஸாவை அழைத்து வந்தார்கள். கறுத்த மீசையில் ஒரு வெள்ளைத் தீற்று.

"இதுக்கு முன்னாடி இந்த வீட்டுக்கு வந்திருக்கீங்களா?"

"ஜென்மத்துல இல்ல, கண்ணு. மெயில் அனுப்பினவன் கொலைகாரன்னா தபால்காரனை என்ன செய்வே?"

"மீசையில என்ன?"

"லெப்னே தயிர். காலைச் சாப்பாடு."

"தயிர்ல பெயின்ட் வாசனை வருதே."

மஸால் நிலைக்காலைக் காட்டினாள்.

"வஹீப் அரபி. வாசல் தாண்டுறப்போ மெசூசாவைத் தொட்டு முத்தம் குடுக்கறது நம்ம யூத வழக்கம், அவனுது இல்ல. அதைக் கழட்டினவனும் அவனே. வெறும் இடத்தை எதுக்குத் தொடுவான்? இருட்டுல படியேறி வந்தவனுக்கு அது இல்லைன்னு தெரியல. சின்ன வயசுப் பழக்கம், கை தானா போச்சு. தொட்ட விரலை உதட்டுல வெச்சான். அப்புறம் விரலைக் கழுவினே, நிஸ்ஸிம். கண்ணாடி பார்க்கல."

பொகோப்ஸாவின் கை மீசைக்குப் போனது.

"வழக்கை வாபஸ் வாங்குன்னு கெஞ்சத்தான் வந்தேன். சிரிச்சான். என் கடையே போயிருக்கும்."

விலங்கு கைமாறியது. வஹீப் மணிக்கட்டைத் தேய்த்தபடி சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

ஷிம்ரியால் தாங்க முடியவில்லை. "ஐயா, ஒரு ஆளைக் கொல்ற வீட்டுக்கு முத்தம் குடுத்துட்டா நுழைஞ்சீங்க?"

"வெளிய போகும்போதும் குடுத்தேன்," என்றான் பொகோப்ஸா ரோஷத்தோடு. "நான் என்ன சாமி பயம் இல்லாதவனா?"