பத்தாவது மேடையில் பேசாத தலைவர்!

"அய்யய்யோ...!"

அலறியவன் ட்ரம்ஸ் சௌகத் அலி. அலறிய வாயை அடுத்த நொடியே தன் கையால் பொத்திக்கொண்டான்.

ஐசக் கிடாரைத் தோளில் மாட்டியபடியே ஒப்பனை அறைக்குள் பாய்ந்தான்.

தரையில் ஒரு மனிதர்!

மல்லாக்கக் கிடந்தார். கறுப்புக் கோட்டு. கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்டுக்கொண்ட கறுப்புக் கண்ணாடி. திறந்த வாய். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த காபி டம்ளர்...

வேதசிரோமணி!

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இன்றைய கச்சேரிக்குத் தலைமை தாங்க வந்தவர். அதைவிட முக்கியம்... ஐசக் உயிரையே வைத்திருக்கும் ஞானஜோதியைப் பெற்றவர்!

"மச்சான்... நாடி பார்த்துட்டேன். துடிப்பே இல்ல."

"உனக்கு நாடி பார்க்கத் தெரியுமாடா?"

"ட்ரம்ஸ் அடிக்கிறவனுக்குத் துடிப்பு தெரியாதா? ஆள் அவுட்டுடா!"

எட்டாம் வகுப்பில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர். அழுகை வந்தது. அதை முந்திக்கொண்டு பயம் வந்தது.

சௌகத் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீதானா?"

"என்னாது?"

"ஊருக்கே தெரியும்டா, உனக்கும் அவருக்கும் இன்னா தகராறுன்னு!"

அந்தத் தகராறு இதுதான்.

'தி ரெட் சிக்னல்ஸ்' என்பது தாம்பரத்தின் ஒரே ராக் கோஷ்டி. கிடாரும் பாட்டும் ரயில்வே குமாஸ்தா ஐசக். ட்ரம்ஸ் சௌகத் அலி. பேஸ் கிடார் அசரியா. மூன்று வருடங்களுக்கு முன், அதாவது எழுபத்தொன்றில், ஐசக் நேராகப் போய்ப் பெண் கேட்டான். வேதசிரோமணி ஒரு நிபந்தனை போட்டார்.

"மேடையில ஒரே ஒரு பாட்டு. முழுசா. முடிஞ்சதும் ஜனங்க கை தட்டணும். அன்னிக்கே பொண்ணு உனக்கு."

பூ... இவ்வளவுதானா என்று ஐசக் துள்ளிக் குதித்தான். பாவம்!

தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் தலைவர் இல்லாமல் ஒரு விழா நடந்துவிடுமா? கோலப்போட்டி வைத்தாலும் தலைவர் வேண்டும், தலைமையுரை வேண்டும். அந்த வட்டாரத்துக்கே நிரந்தரத் தலைவர் யார்? சாட்சாத் வேதசிரோமணி!

குரோம்பேட்டைத் தொழிலாளர் மன்றத்தில் அவர் இரண்டு மணி நாற்பது நிமிடம் பேசினார். மன்றத்தை வாடகைக்கு விட்டதே மூன்று மணி நேரத்துக்கு. மீதி இருபது நிமிடத்தை நன்றியுரை விழுங்கிவிட்டது. பல்லாவரம் சபை மண்டபத்திலும் அதே இரண்டு நாற்பது. மாடம்பாக்கம் பள்ளித் திடலில் மழை கொட்டியது, குடை பிடித்துக்கொண்டு பேசினார். பெரும்பாக்கம் களத்துமேட்டில் கேட்பதற்கு எருமைகள் மட்டுமே மிஞ்சின. அப்போதும் பேசினார்!

ஒன்பது மேடை ஆயிற்று. ஒரு பாட்டுகூட இல்லை!

நோட்டீஸில் மட்டும் 'ஒன்பது அரங்குகளில் வெற்றி முழக்கமிட்ட' என்று கொட்டை எழுத்து. முழங்கியது யார் என்று அச்சகத்தில் யாரும் கேட்கவில்லை.

இன்று பத்தாவது. மேற்குத் தாம்பரம் நவமணி ஹால். ஞாயிறு மதியம் மூன்று மணி. விடிந்தால் நாசரேத்திலிருந்து பேங்க் மாப்பிள்ளை ஒருவன் ஞானஜோதியைப் பார்க்க வருகிறான். இன்று பாட்டு இல்லையென்றால் ஐசக்குக்கு ஞானஜோதி இல்லை.

"போலீஸுக்குச் சொல்லிடலாம்பா..." என்றான் அசரியா. அவன் சுவரில் சாய்ந்து முணுமுணுவென்று ஜெபித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குச் சொல்லணும்? போலீஸே முன்வரிசையில குந்திகினு கீது!" என்றான் சௌகத்.

உண்மைதான். பொன்னாடை போர்த்துவதற்கென்றே சப் இன்ஸ்பெக்டர் சம்பத் வந்திருந்தார்.

ஐசக் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப சொன்னா என்ன ஆகும்? ரெண்டு நிமிஷம் மௌனம். இரங்கல் தீர்மானம். கச்சேரி கேன்சல். என்னைத் தவிர வேற யார் மேலடா சந்தேகப்படுவாங்க?"

"சொல்லலைன்னா?"

"பாட்டைப் பாடி முடிச்சுடுவோம். கை தட்டிடுவாங்க. அதுக்கப்புறம் அவர் செத்ததா இருக்கட்டும். பொண்ணைக் குடுக்கிறேன்னு சொல்லிட்ட மாமனாரை எந்த மாப்பிள்ளையாவது கொல்லுவானா? எனக்குக் காரணமே இல்லாம போயிடும்ல!"

சௌகத் வாயைப் பிளந்தான்.

"மச்சான், நீ ரயில்வேல இருக்க வேண்டிய ஆளே இல்லடா!"

வெறும் ஐந்து நிமிடம். திரைக்குப் பின்னால் தலைவர் நாற்காலியில் வேதசிரோமணி உட்கார்ந்துவிட்டார். கோட்டுக்குள் கிடார் ஒயரைச் சுற்றி, நாற்காலியின் முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"இன்னாபா, ரெடியா?"

மூவரும் விறைத்துப்போனார்கள். ஹால் காவல்காரி எல்லம்மா!

"ஆறு மணி அடிச்சா மெயினை எறக்கிடுவேன், இப்பவே சொல்லிட்டேன். ஆமா... அய்யா இன்னா, தூங்குறாரா?"

"தி... தியானம் பண்றாருக்கா."

"பேசறதுக்கு முன்ன இவரு கண்ணை மூடுறாரு. பேச ஆரம்பிச்சா நாங்க மூடுறோம். நல்லா கீது நாயம்!"

போய்விட்டாள். திரை விலகியது.

ஹாலில் முன்னூறு பேர். முதல் வரிசையில் மஞ்சள் புடவையில் ஞானஜோதி. அப்பாவைப் பார்த்தாள், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

சம்பத் பொன்னாடையோடு மேடை ஏறினார். குனிந்தார்.

"ஐயா, சௌக்கியமா?"

பொன்னாடையைப் போர்த்தினார். அந்தக் கனத்தில் வேதசிரோமணியின் தலை 'தொப்'பென்று முன்னால் சரிந்தது!

"ஆஹா, என்ன பணிவு!" கூட்டத்தில் யாரோ உருகினார்கள்.

ஆனால் சம்பத் உருகவில்லை. அவர் முகம் சுருங்கியது.

"ஐசக்... ஐயா கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?"

"ஃபேன் காத்து, சார்!"

சம்பத் மெதுவாக மேலே பார்த்தார். ஃபேன் இருந்தது. சுற்றிக்கொண்டும் இருந்தது. பிழைத்தான்!

ஐசக் மைக்கைப் பிடித்தான். குரல் தந்தி அடித்தது.

"நம் தலைவர் அவர்கள்... இன்று தமது தலைமையுரையை... மௌனமாகவே ஆற்றுவார்கள்!"

அப்புறம் எழுந்ததே ஒரு கைதட்டல்! விசில்! ஒரு பெரியவர் துண்டைத் தூக்கி விட்டத்துக்கு வீசினார். ஒன்பது மேடையிலும் காணாத குதூகலம். 'அவசரப்படாதீங்கய்யா, பாட்டுக்கு அப்புறம் தட்டுங்க' என்று ஐசக் மனசுக்குள் கெஞ்சினான்.

"ஒன்... டூ... த்ரீ..."

சௌகத் அடித்தான். ஐசக் கண்களை மூடிக்கொண்டு பாடினான். அவனே எழுதிய ஆங்கிலப் பாட்டு. ஞானஜோதிக்காகவே எழுதியது. உடம்பெல்லாம் புல்லரித்தது. உலகத்தில் இவ்வளவு இனிமை உண்டா என்று அவனுக்கே கண்ணீர் வந்தது.

முதல் நிமிடத்தில் ஒரு குழந்தை வீறிட்டது.

இரண்டாவது நிமிடத்தில் ஒரு செருப்பு வந்து ட்ரம்ஸில் விழுந்தது. தாளத்தில் விழுந்த அடி அது ஒன்றுதான்.

கடைசி வரியை இழுத்துப் பாடி முடித்துவிட்டு ஐசக் கண்ணைத் திறந்தான்...

கூட்டமே எழுந்து நின்றது. கை தட்ட அல்ல!

"புட்றா அவனுங்களை!"

"இதுக்கா மூணு வருஷமா ஹால் ஹாலா அலைஞ்சோம்?"

"என் காசநோயே தேவலாம்டா!"

ஒரு நாற்காலி பறந்தது. பத்துப் பேர் மேடையில் ஏறினார்கள். ஒரு கைதட்டல்கூட இல்லை. போச்சு. எல்லாம் போச்சு. ஐசக்குக்கு அடி வாங்கப் போகிறோம் என்ற பயம்கூட வரவில்லை. ஞானஜோதி போய்விட்டாள் என்பது மட்டுமே நெஞ்சை அறுத்தது.

அப்போது...

மைக் கரகரத்தது.

"பேரன்பு கொண்ட பெரியோர்களே... தாய்மார்களே..."

பிணம்!

பிணம் எழுந்து நின்றுகொண்டிருந்தது! முதுகில் நாற்காலியோடு!

அசரியா அப்படியே மயங்கிச் சரிந்தான்.

ஆனால் கூட்டம் பயப்படவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும், அடிக்க ஓங்கிய கைகள் தானாக இறங்கின. மேடை ஏறியவர்கள் இறங்கினார்கள். முன்னூறு பேரும் பழக்க தோஷத்தில் உட்கார்ந்தார்கள்.

வேதசிரோமணி பேசினார். கல்தோன்றிய காலத்தில் ஆரம்பித்தார். நாற்காலியோடு இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே பேசினார். மணி நாலு. ஐந்து. ஐந்தரை. ஜனங்களின் கோபம் கொட்டாவியாகி, கொட்டாவி குறட்டையாகிவிட்டது.

ஆறு மணி.

எல்லம்மா மெயினை இறக்கினாள். மைக் செத்தது.

முடிந்துவிட்டதா? நிஜமாகவே முடிந்துவிட்டதா? கூட்டத்துக்கு நம்ப ஒரு நொடி பிடித்தது. அப்புறம் முன்னூறு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், கை சிவக்கச் சிவக்க!

ஒப்பனை அறை.

சம்பத் டம்ளரை மூக்கருகே வைத்துப் பார்த்தார். அடியில் வெள்ளையாக வண்டல்.

"தூக்க மாத்திரை. யார் வேலை இது?"

அவர் பார்வை ஐசக் மேல் நிலைத்தது.

"நான்தான், சார்!"

வாசலில் ஞானஜோதி! கண்ணெல்லாம் நீர்.

"ஆபரேஷனுக்கு டாக்டர் குடுத்த மாத்திரை. ரெண்டு போட்டேன். அப்பா பேசாம இருந்தா இவர் பாடிடுவார்னு... மன்னிச்சிடுங்கப்பா. நீங்க எங்களைச் சேர விடக்கூடாதுன்னுதானே மேடைக்கு மேடை பேசினீங்க?"

வேதசிரோமணி கோட்டுக்குள்ளிருந்து கிடார் ஒயரை முழம் முழமாக உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"அடி பைத்தியக்காரி! கண்டிஷன் போட்ட மறுநாள் இவங்க ஒத்திகையைச் சுவத்துக்கு அந்தாண்ட நின்னு கேட்டேன். எனக்கு ஈரக்குலை நடுங்கிப் போச்சு. இதை மேடையில பாடினா பையனை உயிரோட விடுவாங்களா? எனக்கு இவனைப் பிடிச்சிருந்துச்சும்மா. நல்ல பையன். போகப்போகத் தேறிடுவான்னு நினைச்சேன். அதுவரைக்கும் இவனைக் காப்பாத்தத்தான் தொண்டை கிழியப் பேசினேன். மூணு வருஷம்!"

சௌகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க தேறுறது? உசிரோட இருக்கிறவன் நாடியிலயே தாளம் கிடைக்காதவனை ட்ரம்ஸுக்கு வச்சிருக்கான்!"

ஐசக் தலைகுனிந்தான்.

"நான் தோத்துட்டேன், சார். நாளைக்கு நாசரேத்காரங்க..."

"யாரு தோத்தா? பாட்டு முழுசா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது..."

"முடிஞ்சப்புறம் ஜனங்க கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க, ஆனா..."

"நடுவுல நான் கொஞ்சம் பேசினேன். அதனால என்ன? நாசரேத்துக்குத் தந்தி அடிச்சிடுறேன், வர வேணாம்னு."

ஞானஜோதி அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். ஐசக் சிரித்தானா அழுதானா என்று அவனுக்கே தெரியவில்லை.

சம்பத் தொண்டையைச் செருமினார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"எல்லாம் சந்தோஷம், ஐயா. ஆனா என் முன்னாடி ஒரு குத்தம் நடந்திருக்கு. புகார் ஏதாவது குடுக்கறீங்களா?"

"குடுக்கிறேன். எழுதிக்கோங்க. என் பொண்ணு மேல இல்ல. மாப்பிள்ளை மேலயும் இல்ல." வேதசிரோமணி கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அந்தப் பாட்டு மேல!"

சம்பத் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"அப்ப வரிசையில வாங்க, ஐயா. உங்களுக்கு முன்னாடி முன்னூறு பேர் வெளியில நிக்கிறாங்க!"