கஸ்பாருக்கு நின்ற எழுத்துகள்

காலை ஏழேகாலுக்கு ரெஜினாள் கதவின் முன் வந்து நின்றாள். கதவில் பதித்த திரையில் அன்றைய அறிவிப்பின் எழுத்துகள் நடக்கத் தொடங்கின. ‘தெற்குக் கரையில் அலை இரண்டடி உயரும்’ என்ற வரியில் ‘அலை’ மட்டும் எழும்பித் தாழ்ந்தது. ‘இறங்காதீர்கள்’ பெரிதாகி வந்து, அவள் கண் தொட்டதும் சுருங்கிக்கொண்டது. இருபத்தெட்டாவது சொல்லுக்குப் பிறகு புள்ளி விழுந்தது. தாழ்ப்பாள் கழன்றது.

“கிளம்பட்டுமா?” என்றாள்.

அவள் கணவன் கஸ்பார் நாற்காலியில் இருந்தபடியே தலையசைத்தான். அவன் வீட்டுக்குள் கிடந்து அன்றோடு பன்னிரண்டு நாள்.

தூத்துக்குடிக் கரையோர அடுக்ககங்களில் எல்லாக் கதவும் இப்படித்தான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கடல் புகுந்த அன்று, எச்சரிக்கை எல்லார் கைப்பேசிக்கும் வந்திருந்தது. படித்தவர் சிலர்தான். நானூறு பேர் செத்துப்போனார்கள். அதன் பிறகு வந்தது வாசிப்புச் சட்டம். அன்றைய அறிவிப்பை முழுதாகப் படிக்காதவர் படி தாண்டக் கூடாது. ஒரு வாசிப்புக்கு ஓர் ஆள்தான் வெளியேறலாம். மீறினால் அந்த வீட்டாருக்குக் கரையில் இடமில்லை. உள்ளே வருவதற்கு மட்டும் தடையில்லை.

அந்த எழுத்துகளுக்கு நடை அமைப்பது ரெஜினாளின் வேலை. மோஷன் டிசைன் படித்து, விளம்பரப் படங்களில் எழுத்துகளைக் குதிக்கவிட்டுக்கொண்டிருந்தவள், இப்போது நடையெழுத்துத் துறையில் மூத்த வடிவமைப்பாளர். கண் ஒரு சொல்லைத் தாண்டிக் குதித்தால் அறிவிப்பு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவள் சொன்ன யோசனைதான். படிக்காமல் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க அது உதவியது.

கஸ்பார் ஏமாற்றவில்லை. படகு எஞ்சினைத் தூக்கும்போது சங்கிலி அறுந்து தலையில் பட்டது. காயம் ஆறிவிட்டது, கண்மணிகள் மட்டும் ஓயாமல் இடமும் வலமுமாக ஆடின. கதவு அதைக் குதிப்பென்றே எடுத்துக்கொண்டது. தினமும் நாற்பது தடவை முயன்று பார்த்தான். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

கஸ்பாருக்குச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைக்குமா என்று அலுவலகத்தில் மேலாளர் தில்லைநாயகத்திடம் கேட்டாள்.

“விலக்கு குடுப்பாங்கம்மா. ஆனா ‘வாசிக்க இயலாதவர்’ பட்டியல்ல பேர் ஏறிடும். கடலை விட்டுத் தள்ளி, உள்நாட்டுல இருக்கிற இல்லத்துக்கு அவரைக் கொண்டுபோயிருவாங்க.”

“நானும் கூடப் போகலாமா சார்?”

“உங்களுக்குத்தான் கண் நல்லா இருக்கே” என்றார் அவர், வருத்தத்தோடு.

அன்று மாலை அவள் கஸ்பாரின் கண்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டத்துக்கு ஒரு தாளம் இருந்தது. எழுத்தும் அதே தாளத்தில் ஆடினால், அவன் பார்வைக்கு அது அசையாமல் நிற்கும். கண்ணாட்டத்தைப் பதிவு செய்து எடுத்துப்போய், நான்கு நாளில் அந்த நடையை அமைத்துவிட்டாள்.

ஒரு வீட்டுக்கு ஒரே நடைதான் பதியலாம். ‘இந்த நடை வீட்டிலுள்ள அனைவருக்கும் பொருந்துமா?’ என்று படிவம் கேட்டது. அவள் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு ‘ஆம்’ என்பதைத் தொட்டாள்.

மறுநாள் காலை கஸ்பார் கதவின் முன் நின்று கத்தினான். “ரெஜினா, நிக்குதுட்டி! ஆடாம நிக்குது!”

தாழ்ப்பாள் கழன்றது.

“போயிட்டு வாங்க. நான் பொறவு கிளம்புதேன்.”

கதவு மூடியதும் அவள் எழுத்துகளைப் பார்த்தாள். கலைத்துவிட்ட தேனீக்கூட்டம் போல இருந்தது. முதல் சொல்லையே கண்ணால் பிடிக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் அவன் திரும்பி வந்தபோது தலைமுடியில் உப்புக்காற்று இருந்தது, கையில் ஒரு பை விளமீன் இருந்தது. பேச ஆயிரம் வைத்திருந்தான். அவளுடைய சாப்பாட்டு டப்பா மேசையிலேயே இருப்பதைக் கண்டதும் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னட்டி பண்ணி வச்சிருக்க? பழையபடி மாத்து.”

“மாத்தணும்னா ஆபீஸ்ல போய்த்தான் மாத்தணும்.”

“ஒங்க சாருக்குப் போன் போடு.”

“போட்டா நடையைப் பழையபடி ஆக்கிட்டு, ஒங்க பேரைப் பட்டியல்ல ஏத்திருவாங்க.”

அவன் மீன்பையைக் கீழே வைத்தான்.

அடுத்த நாள் காலையில் அறிவிப்பைப் படித்தான். கதவு திறந்தது. இருபது நொடி அசையாமல் நின்றான். கதவு மூடிக்கொண்டது.

“நீ உள்ள கெடக்கையில நான் எங்க போவேன்?”

ரெஜினாளுக்குக் கோபம் வந்தது. “பதினாறு நாள் நீங்க கெடந்தீங்க. நான் தெனமும் போனம்லா? அப்ப எனக்கு எப்படிக் கால் வந்துச்சுன்னு கேட்டீங்களா? போங்க. நம்மள்ல ஒருத்தராவது போகணும்.”

அவன் மறுபடி படித்தான். இம்முறை அவளைப் பார்க்காமல் வெளியேறினான். படிகளில் அவன் காலடிகள் மெதுவாகத் தொடங்கி, இரண்டு மாடி இறங்குவதற்குள் வேகமெடுத்தன. அந்த வேகம் அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு கதவின் முன் நின்றாள். தலையை அவன் கண்களின் தாளத்துக்கு ஆட்டிப் பார்த்தாள். நான்கு சொற்கள் பிடிபட்டன. ஐந்தாவதில் எல்லாம் கலைய, குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி திரும்பவும் வந்து நின்றாள்.