மரத்தட்டில் ஒரு கொண்டை ஊசி

மரத்தட்டில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது.

ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறவர்கள் மேலிருக்கும் இரும்பையெல்லாம் வாசலிலேயே அந்தத் தட்டில் கழற்றிப் போட வேண்டும். உள்ளே இருக்கும் காந்தத்துக்குத் தராதரம் கிடையாது. சாவியை இழுக்கும், சாவியோடு ஆளையும் இழுக்கும். ஆராய்ச்சியாளர் காலையில் சாவிக்கொத்தையும் பெல்ட்டையும் போட்டிருந்தார். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் கூடவே ஓர் ஊசி. அவருடையதாக இருக்க வழியில்லை. ஊசி குத்துமளவுக்கு அவர் தலையில் முடி ஏது?

"எந்த இடுக்குல கெடந்துச்சோ," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். விடுமுறை நாள், அந்த நிலவறையில் வேறு ஆளில்லை.

அவர் மனைவியும் இங்கேதான் வேலை பார்த்தாள். அவளுடைய ஊசிகளும் அவருடைய சாவியும் தினமும் அந்தத் தட்டில் ஒன்றாய்க் கிடக்கும். சாவதற்கு முன் அவள் வளர்த்த கடைசிப் படிகம், நகக்கண் அளவு, இப்போது குளிர்கலனுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

இரும்பும் ஆர்செனிக்கும் கலந்த படிகம். அதில் ஒவ்வோர் இரும்பணுவும் ஒரு குட்டிக் காந்தம். வரிசைக்கு வரிசை எதிரும் புதிருமாக நிற்கும். கொஞ்சம் கோபால்ட் சேர்த்தால் அந்த ஒழுங்கு செத்துவிடும். பிறகு கடுங்குளிரில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து தடையே இல்லாமல் ஓடும்.

"ஒழுங்குதான் சாகும், அந்தக் குட்டிக் காந்தங்களோட நடுக்கம் சாகாது. ஜோடி சேர்த்து வைக்கிறதே அந்த நடுக்கம்தான்," என்பாள்.

"செத்தது செத்ததுதாம்மா," என்று கருத்தரங்கில் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார் அவர். அன்று முழுக்க அவள் பேசவில்லை. அடுத்த வாரம் பேச அவளே இல்லை.

மூன்று வருஷம். இன்று அந்த நடுக்கம் கேட்டால், அவள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ளலாம், அதையே மன்னிப்பாகச் சொல்லிவிடலாம். படிகத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

சுவர் ஃபோன் அடித்தது. தங்கை.

"லீவு நாள்லகூட அந்தப் பொந்துதானா அண்ணா? அண்ணி இருந்திருந்தா காதைத் திருகி இழுத்துட்டு வந்திருப்பாங்க."

"உங்க அண்ணி இருந்திருந்தா அவளும் இங்கதான் இருந்திருப்பா."

"அது சரி... யாரு பக்கத்துல? மேஜையைத் தட்டுறாப்ல இருக்கு?"

"ஸ்பீக்கர்."

படிகத்தின் சிக்னலை ஸ்பீக்கரில் மாட்டிக் காதால் கேட்பது மனைவியின் பழக்கம். அவர் அதை விடவில்லை. ஃபோனை வைத்த பிறகுதான் கவனித்தார். ஸ்பீக்கரை இன்னும் போடவே இல்லை.

போட்டார். பம்பு கிழவனைப்போல இருமிக்கொண்டிருக்க, குழாய்களில் வெள்ளைப்பனி படர்ந்து ஈர உலோக வாடை தொண்டையில் இறங்க, திரையில் வெப்பநிலை எண்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. முப்பது கெல்வின்.

டொக். டொக் டொக்.

யோசிக்கும்போது அவள் பேனாவால் தட்டும் தாளம்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "சரிம்மா, நீ சொன்னதுதான் சரி," என்றார், எதிரே காலியாயிருந்த அவளுடைய நாற்காலியைப் பார்த்து. "மன்னிச்சுக்கோ."

தட்டல் நின்றது.

இருபத்திரண்டு கெல்வின். மின்தடை பூஜ்யம். ஜோடி சேர்ந்தாயிற்று.

வாசலில் ஏதோ கிணுங்கியது. திரும்பினார். காந்தத்தை அவர் இன்னும் முடுக்கவில்லை. ஆனாலும் தட்டில் ஊசியும் சாவிகளும் எழுந்து நின்றன. சாய்ந்தது காந்தத்தின் பக்கம் அல்ல. நாற்காலியின் பக்கம்.

நாற்காலி கிரீச்சிட்டது.

யாரையோ தொடர்வதுபோல நுனிகள் திரும்பின. மேஜையைச் சுற்றி. அலமாரியைத் தாண்டி. நடக்கிற வேகத்தில்.

நின்றன.

அவருக்கு நேராக அல்ல. அவர் தோளுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி.

எல்லா நுனிகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.